யார் குரலைத் தாழ்த்துவது?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால் விடிய விடிய மரண கானா. டோலக், சட்டி, குரல், அவ்வளவுதான். வெளியே அதற்குப் பெயர் 'இரைச்சல்'. ஆனால் சாதித் தகராறு வந்தால் அமைதிக் கூட்டம் போட்டு 'நல்லிணக்கம்' பேசுவார்கள். அடிபட்டவர் அடங்கிப் போக வேண்டும் என்பதே அதன் பொருள்.

இசையில் ஒத்திசைவு என்றால் வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. எல்லோரும் ஒரே சுரத்தைப் பிடித்தால் அதற்கு அந்தப் பெயரே கிடையாது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். 19 பேர். கிட்டாருக்காகக் கானா தன் வடசென்னைப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. இடஒதுக்கீட்டை வெளிப்படையாகவே பாடியது. (முகம் சுளித்தவர்கள் சுளிக்கட்டும்.)

தோழர்களே, அடுத்த அமைதிக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: இதில் யார் குரலைத் தாழ்த்தச் சொல்கிறீர்கள்?