புகையானும் பயிற்சி முகாமும்

தெரிந்தவர் சொல்ல வேண்டும், தெரியாதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கற்பது என்றால் இவ்வளவுதான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். மண்டபத்தில் ஒரு மைக், பின்னால் பேனர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, மதியம் சாம்பார் சாதம். விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று!

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. பசுமைப் புரட்சிக் காலத்தில் அங்கே பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றது. மேலிருந்து சொன்னபடி விவசாயி அடித்தார். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி ஒழியவில்லை, பெருகியது. மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றது. இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகள் தப்பித்தன. 1986-ல் அதிபர் சுகார்த்தோவின் அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்ய வேண்டிவந்தது. சொல்பேச்சுக் கேட்காததால் வந்த வினையல்ல, கேட்டதால் வந்தது.

1989-ல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியில் மைக் கிடையாது. ஏறக்குறைய 25 பேர், வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுக்க. ஐந்தைந்து பேராக வயலில் இறங்கித் தூர் தூராகப் பார்ப்பார்கள். பார்த்ததைப் பெரிய தாளில் வரைந்து, இந்த வாரம் மருந்து தேவையா என்று வாதாடுவார்கள். 'இது என்ன பூச்சி?' என்றால் பயிற்றுநர் பெயர் சொல்ல மாட்டார், 'எங்கே இருந்தது? என்ன செய்துகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்பார். சிலந்தியையும் புகையானையும் ஒரே பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். பிறகு எத்தனை மிஞ்சியது என்று எண்ணினால் போதும். இளம்பயிரின் இலைகளை வேண்டுமென்றே நறுக்கிவிட்டு அறுவடை வரை காத்திருந்து, மகசூல் குறைந்ததா என்று ஒப்பிடுவதும் உண்டு. இலையில் ஓட்டை கண்டதும் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுகிற பதற்றத்தை எந்தச் சொற்பொழிவு தணிக்கும்?

மறுப்பும் இருக்கிறது. உலக வங்கி ஆய்வாளர்கள் 2004-ல், இந்தப் பள்ளிகளால் மகசூல் கூடியதாகவோ மருந்து குறைந்ததாகவோ தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள்; பள்ளிக்குப் போனவரிடமிருந்து மற்றவர்களுக்கு அறிவு பரவவில்லை என்றும் எழுதினார்கள். முதலாவதை நான் தள்ளிவிட மாட்டேன். அவசரமாகப் பெருக்கிய பள்ளிகளில் பல பெயருக்கு நடந்திருக்கலாம். இரண்டாவது எப்படிக் குற்றமாகும்? பக்கத்து வயல்காரர் காதால் கேட்டதோடு சரி. பாட்டிலில் மிஞ்சியதை எண்ணவில்லை, தாளை விரித்து யாரோடும் சண்டை போடவில்லை. வாய்ச்சொல்லாகப் போனது நிற்கவில்லை என்பதைத்தானே அந்த ஆய்வே காட்டுகிறது? அதையே கையில் வைத்துக்கொண்டு, 'இவ்வளவு செலவு எதற்கு, ரேடியோவில் சொல்லிவிட்டால் போதாதா?' என்று கேட்கிறவர்களை என்ன செய்வது!