ஒரு டாலருக்கு விற்கப்பட்ட உயிர் மருந்து



உங்கள் இல்லத்துக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பால் பாத்திரத்திற்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒரு சிறு மருந்துக் குப்பி இருக்கிறதா? இன்சுலின் குப்பி இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. நாள்தோறும் காலையில் என் தாயாருக்கு ஊசி போடுபவன் நான்.

அண்மையில், உயிரியல் ஆராய்ச்சி பயிலும் என் முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தார். "ஹஜ்ரத், பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததைக் கம்பெனி தொடங்கி விற்பது முறைதானா? அறிவை விலைபேசலாமா?" என்று கேட்டார். அந்தக் குப்பியின் வரலாற்றையே அவருக்கு விடையாகக் கூறினேன்.

1921-ஆம் ஆண்டின் கோடைக்காலம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், பேண்டிங் என்ற அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்ற உயிர்வேதியியலார் பின்னர் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில், சாவின் விளிம்பில் கிடந்த லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. தூய்மைப்படுத்திய மருந்தோ அவனைப் பிழைக்க வைத்தது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆனால், ஒரு சிறுவனுக்கு மருந்து காய்ச்சுவது வேறு. உலகிற்கே காய்ச்சுவது வேறு. அளவைப் பெருக்க முயன்றபோது பல்கலைக்கழகத்தாருக்குச் செய்முறையே சில வாரங்கள் கைநழுவிப் போயிற்று! நோயாளிகளோ வாயிலில் காத்துக் கிடந்தனர். வேறு வழியின்றி, 1922 மே மாதத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்நிறுவனத்தின் வேதியியலார் மருந்தைப் பெருமளவில் தூய்மையாகப் பிரிக்கும் வழியைக் கண்டனர். வணிகத்தை இழித்துரைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். தொழிற்சாலை இல்லையேல், அந்த அறிவு குடுவைக்குள்ளேயே உறங்கியிருக்கும்.

கண்டுபிடித்தவர்கள் பெற்றது என்ன? பேண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் 1923-இல் தம் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கே எழுதிக் கொடுத்தனர்! வேறெவரும் அதனைத் தமதாக்கிப் பூட்டிவிடக் கூடாது, போலி மருந்து பரவிவிடக் கூடாது என்பதற்காகவே காப்புரிமை பெறப்பட்டது. பல்கலைக்கழகம் அதனை ஓர் அமானிதமாகக் காத்தது. ஒரே நிறுவனத்திற்கு ஏகபோகம் தராமல், தகுதியுள்ள பலருக்கும் உரிமம் வழங்கியது. டென்மார்க்கின் பேராசிரியர் குரோக், சர்க்கரை நோயாளியான தம் மனைவியின் பொருட்டு டொராண்டோ சென்று அனுமதி பெற்று, தம் நாட்டிலும் உற்பத்தியைத் தொடங்கினார்.

அக்கால இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. நிர்பந்த நிலை என்று மார்க்க அறிஞர்கள் அனுமதித்தபோதிலும், நம் இல்லங்களில் அது உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தலைத் தீர்த்ததும் பல்கலைக்கழக ஆராய்ச்சியே. 1973-இல் ஸ்டான்ஃபோர்டின் கோஹனும் கலிபோர்னியாவின் பாயரும் மரபணுவை ஒட்டும் முறையைக் கண்டனர். அதன் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு மிதமான கட்டணத்தில் வழங்கியது. 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் கிடைத்தது. பாயர் 1976-இல் ஒரு முதலீட்டாளருடன் கூட்டுச் சேர்ந்து ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-இல் நுண்ணுயிரியைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதியும் கிடைத்தது.

இனி, கதையின் கசப்பான பகுதி. பழைய காப்புரிமைகள் முடிந்தன. புதிய வகை இன்சுலின்களுக்குப் புதிய காப்புரிமைகள் வந்தன. 1996-இல் ஏறத்தாழ 21 டாலருக்கு வந்த ஒரு வகைக் குப்பியின் அறிவிப்பு விலை, 2017-க்குள் அமெரிக்காவில் 270 டாலரைத் தாண்டியது. செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலேயே, வாங்க இயலாமல் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்ட ஏழைகள் உண்டு! கண்டனங்கள் வலுத்தபின், 2023-இல்தான் 70 விழுக்காடு விலைக் குறைப்பு அறிவிக்கப்பட்டது.

ஆகவே, என் மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "விற்பது குற்றமன்று, தம்பி. எந்த நிபந்தனையுடன் விற்கிறாய் என்பதே கேள்வி. கையெழுத்திடும் நாளில் மூன்றைப் பார்த்துக்கொள். உரிமம் ஒருவருக்கா, பலருக்கா? ஏழைக்கும் எட்டும் விலைக்கு வழியுண்டா? வரும் பொருளில் ஒரு பங்கு மீண்டும் கல்விக்கே திரும்புமா? கையெழுத்திட்ட பிறகு வருந்திப் பயனில்லை."

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஆராய்ச்சி பயில விரும்பினால், "இதில் என்ன வருமானம்?" என்று தடுக்காதீர்கள். வருமானமும் உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அத்துடன், அந்த ஒரு டாலரின் கதையையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.