வாழ்த்துக்கு எதற்குச் சட்டம்?

சித்திரை பிறக்கும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டையும் பிறந்துவிடுகிறது. புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவரை ஒரு சாரார் ஆரியத்துக்கு அடிமை என்கிறார்கள். தை முதல் நாளில் அனுப்பியவரை மறுசாரார் இந்து விரோதி என்கிறார்கள். 2008-இல் கருணாநிதி அரசு தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011-இல் ஜெயலலிதா அரசு அதை நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தென்காசிப் பக்கம் என்ன மாறியது? குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுவுக்கு வழக்கம்போலக் கொடியேறியது, தீர்த்தவாரி நடந்தது. தைப்பொங்கலும் குறைவில்லாமல் பொங்கியது. பக்கத்துச் செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த ஊர். அந்தப் பகுதியின் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். இப்படிப் பல கணக்குகளோடு பழகிய வட்டாரத்துக்கு ஒற்றைத் தேதியைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

இரு தரப்பும் வானத்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான் வேடிக்கை. சூரியன் வடக்கே திரும்பும் நாள் தை முதல் நாள் என்கிறார்கள். அது உண்மையில் டிசம்பர் 21, 22-லேயே திரும்பிவிடுகிறது. பகலும் இரவும் சமமாகும் நாள் சித்திரை விசு என்கிறார்கள்; அந்தச் சமநாள் மார்ச் 20-ஐ ஒட்டியே வந்து போய்விடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நம் பஞ்சாங்கம் இரண்டு இடத்திலும் மூன்று வாரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. ஆக, இந்த வழக்கில் வானம் யார் பக்கமும் பேசாது. மரபு பேசும், ஆனால் மரபு ஊருக்கு ஊர் வேறு.

அரசுக்கென்று ஒரு கணக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் தமிழக அரசின் ஆணைகளைப் பாருங்கள்: சித்திரையில் மாறும் அறுபதாண்டுப் பெயரும் தையில் மாறும் திருவள்ளுவர் ஆண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகின்றன. கோப்புகள் குழம்பவில்லை. இன்னொரு கேள்வி வலுவானது: நம்பிக்கை இல்லாத பகுத்தறிவாளரை வாழ்த்துச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா? கூடாது. தனி மனிதரின் மௌனம் அவருடைய உரிமை. ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு நாள் முழுக்கப் புதுப்படம் போட்டு, விளம்பரமும் வாங்கிக்கொண்டு, அதற்கு 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று பகுத்தறிவு பேசும் தி.மு.க.வின் சார்பான கலைஞர் தொலைக்காட்சி பெயர் வைத்தால், ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கவும் வேண்டும். அமெரிக்காவிலும் டிசம்பர் வந்தால் 'மெரி கிறிஸ்துமஸ்' என்பதா, 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்பதா என்று இதே சச்சரவு நடக்கிறது. அதே மாதத்தில், வேண்டுமென்றே அசிங்கமாகப் பின்னிய கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தங்கள் பண்டிகையையே கேலி செய்துகொள்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். இந்தச் சண்டையின் தகுதிக்கு அந்த அளவு கிண்டல் போதும். கிண்டல் யாரையும் ஊரை விட்டுத் தள்ளுவதில்லை. 'விரோதி', 'துரோகி' என்ற பட்டங்கள் அதைத்தான் செய்கின்றன.

தையில் ஒருவர் வாழ்த்தினால் நன்றி சொல்லுங்கள், சித்திரையில் வாழ்த்தினாலும் சொல்லுங்கள். அடுத்து ஆட்சிக்கு வருபவர்கள், அவர்கள் யாராக இருந்தாலும், இன்னொரு புத்தாண்டுச் சட்டத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவராமல் இருக்க வேண்டும்.