பாட்டி ஜெயித்த பந்தயம்

கண் பார்வையில் பாட்டிக்கும் பேத்திக்கும் பந்தயம் வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? "இதென்ன கேள்வி, பேத்திதான்!" என்பீர்கள். கனடா தேசத்தில் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியையாக இருந்த அல்லிசன் செகுலர் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது.

சோதனை ரொம்பச் சுலபம். திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் போட்ட ஒரு படம் கண நேரம் தோன்றி மறையும். கோடுகள் வலப்பக்கம் நகர்ந்தனவா, இடப்பக்கமா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படம் சிறியதாகவோ மங்கலாகவோ இருந்தபோது வாலிபர்களே கெட்டிக்காரர்கள். பெரிதாகவும் பளிச்சென்றும் இருந்தபோதோ முதியவர்கள் சட்டென்று சொல்லிவிட்டார்கள். இளவட்டங்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது!

இதன் சூட்சுமம் மூளையில் இருக்கிறது. பார்வையைக் கவனிக்கும் நரம்பணு ஒவ்வொன்றுக்கும் தன் பங்குக்கு ஒரு சிறு இடம் உண்டு. சுற்றுப்புறம் பூராவும் ஒரே மாதிரி அசைந்தால், "இதில் விசேஷம் ஒன்றுமில்லை" என்று அது அடங்கிவிடும். வாலிபத்தில் இந்த அடக்கம் பலமாக இருப்பதால், பெரிய பின்னணியை ஒதுக்கிவிட்டு அதன் முன்னே அசையும் சிறு பொருளைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. வயதாக ஆக அது தளர்ந்துவிடுகிறதாம். நரம்பணுக்களை "போதும், சும்மா இரு" என்று அடக்கும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலை மந்தமாவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2003-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், கிழக் குரங்குகளின் மூளையில் அதைச் செலுத்தியபோது பார்வை அணுக்கள் இளங்குரங்கினுடையவை போல வேலை செய்தனவாம். (கடையில் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். மூளைக்குள்ளேயே செலுத்திய சமாசாரம் அது!)

ஆகவே பாட்டியின் வெற்றியைக் கொண்டாடுவதற்கில்லை. எல்லாவற்றையும் ஒருமிக்க உள்ளே விடும் மூளைக்கு, வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது சிரமம்.

என் தாயாருக்குக் கண் வைத்தியர் காட்டும் எழுத்து அட்டையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் தடங்கல் கிடையாது. ஆனால் சந்தடி மிகுந்த தெருவில், எதிர்ச் சாரியிலிருந்து நான் கையை ஆட்டினால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். "மூக்குக் கண்ணாடி எதற்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று நாலு பேர் எதிரில் கடிந்துகொண்டிருக்கிறேன். அட்டை அசையாமல் நிற்கிறது, தெரு நிற்பதில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்வாள்.

இப்போதெல்லாம் நான் கையை ஆட்டுவதில்லை. தெருவைக் கடந்துபோய், பக்கத்தில் நின்று கூப்பிடுகிறேன்.