முகவரிச் சீட்டில்லாத மூட்டை

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மூட்டைக்குள் இருக்கும் பண்டம் எத்துணை உயர்ந்ததாயினும், அதன் மேல் ஒட்டிய சீட்டில் சேருமிடம் விளங்கவில்லையெனில், அது நடைமேடையின் ஓரத்திலேயே கிடக்கும். மூட்டையைப் பிரித்துப் பார்த்து எவரும் வண்டியில் ஏற்றுவதில்லை. இணையப் பக்கங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே என்பதை அண்மையில் உணர்ந்தோம்.

ஒயிட்ஃபீல்டில் குடியேறிய குடும்பத்தார் ஒருவர் நம் சங்கத்துக்கு வந்திருந்தனர். குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டி ஓராண்டாகக் கூகுளில் தேடியும் நம்மைப் பற்றிய செய்தி கிட்டவில்லை என்றனர். நாமோ அந்த ஓராண்டும் வகுப்பு அறிவிப்பை நம் பக்கத்தில் வெளியிட்டிருந்தோம்! அவர்தம் மகள் கன்னடமும் ஆங்கிலமும் நன்கு படிக்கின்றாள். ஊரிலுள்ள பாட்டியின் கடிதத்தை மட்டும் பிறர் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஓராண்டு வீணாயிற்றே என்று வருந்தினோம்.

குறையை அறியச் சங்கத்து இளைஞர் ஒருவர் ‘லைட்ஹவுஸ்’ என்னும் கருவியை இயக்கினார். கூகுள் நிறுவனம் யாவருக்கும் இலவசமாக வழங்கியுள்ள இக்கருவியில், தேடுபொறிக்கு ஏற்ற அமைப்பை, அதாவது எஸ்.இ.ஓ. என்பதை, ஆராயும் பகுதி 2018-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. கணினியின் கட்டளைத் திரையில் கருவியின் பெயரையும் பக்கத்தின் முகவரியையும் தட்டினால் போதும். அது குரோம் உலாவியைக் கொண்டு பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண்ணும் இடுகிறது.

நம் பக்கத்தில் வெளிப்பட்ட குறைகள் நான்கு. முதலாவது, பக்கத்தைக் கட்டும் நாளில் ‘இதனைப் பட்டியலில் சேர்க்கற்க’ என்று தேடுபொறிக்கு இட்ட குறிப்பை நாமே நீக்க மறந்திருந்தோம். இரண்டாவது, பக்கத்தின் பொருளைச் சுருங்கக் கூறும் விவரம் இல்லை. மூன்றாவது, படத்துக்கு மாற்றுரை இல்லை. நான்காவது, இணைப்புகளில் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று மட்டும் எழுதியிருந்தோம். எதற்குச் செல்லும் வழி என்று கூறவில்லை. இத்தகைய பொருளற்ற தொடர்களுக்கென அக்கருவி வைத்துள்ள பட்டியலில் தமிழ்த் தொடர்களும் இருப்பது கண்டு வியந்தோம்.

எனினும் கருவி கூறாத குறைகளும் உண்டு. வகுப்பு நாள், நேரம், இடம் யாவும் வண்ணப் படம் ஒன்றினுள் எழுதப்பட்டிருந்தன. படத்துக்கு மாற்றுரை உண்டா என்று கருவி பார்க்கும். அவ்வுரையில் செய்தி உண்டா என்று பாராது. பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களும் அவ்வாறே. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குரிய குறியீடுகள். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றும், அதற்கு மாற்றப்படாத பக்கங்கள் இன்னும் உள்ளன. தமிழில் தேடுவோர்க்கு அவை அகப்படுவது அரிது. நூற்றுக்கு நூறு பெற்ற பக்கமும் தேடலில் முன்னிற்கும் என்பதற்கு உறுதியில்லை. வழி அடைபடவில்லை என்பதற்கே அது சான்று.

குறிப்பை நீக்கினோம்; அறிவிப்பை எழுத்தாகவே தட்டச்சு செய்தோம். 2014 நவம்பர் 1 முதல் நகரின் பெயர் பெங்களூரு என்றாயினும், பெங்களூர் என்றே தேடுவோர் பலராதலின், இரு பெயரையும் எழுதினோம். மறு சோதனையில் கருவி குறையொன்றும் காட்டவில்லை.

சங்கப் பக்கங்களைப் பேணும் அன்பர்க்கு நம் வேண்டுகோள் இதுவே: அறிவிப்பை வெளியிட்டவுடன் கடமை முடிந்ததென எண்ணற்க. சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. அதன்பின், ஊருக்குப் புதிதாய் வந்த தாய் ஒருத்தி எச்சொற்களால் தேடுவாள் என எண்ணி, அச்சொற்களை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.