ஓடும் யந்திரத்தைத் தூக்கி எறிவதா?

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பிள்ளை படிப்பதும் அதில்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் முகம் காட்டிப் பேசுவதும் அதில்தான். அந்த யந்திரம் பழுதாகவில்லை. ஆயினும் கழித்துக்கட்டு என்கிறார்கள்.

காரணம் என்ன? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, 2017-க்கு முந்திய யந்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. நன்றாய் இறைக்கும் பம்பு செட்டை, கம்பெனிக்காரன் சொன்னான் என்று கிணற்றில் எறியும் விவசாயி உண்டா?

மாற்று இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர் துவக்கியதைப் பல தேசத்து உழைப்பாளிகள் கூட்டாக வளர்த்தார்கள். காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இதில்தான் பாடம் நடத்துகின்றன. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸும் இருந்தது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"நண்பர்களெல்லாம் விண்டோஸில் இருக்கிறார்களே, நான் மட்டும் மாறினால் முகம் பார்த்துப் பேசுவது எப்படி?" நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனியை நம்பி இருந்தவர் கதி என்ன? 2011-ல் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கிய அதே மைக்ரோசாப்ட், 2025 மே 5-ல் அதை மூடிவிட்டது!

ஜிட்சி என்ற சுதந்திர மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும். பேச்சைத் துவக்குகிறவர் ஒரு கணக்கில் நுழைந்து, இணைப்பு முகவரியை அனுப்பினால் போதும். எதிர்முனையில் விண்டோஸா, லினக்ஸா என்ற பேதமில்லை. கூகுள் மீட்டும் அப்படியே. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. நண்பர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அவசரம் வேண்டாம். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, யந்திரத்தில் உள்ளதை அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள். கேமரா, மைக், வைஃபை மூன்றும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் சில மென்பொருள்கள் உண்டு. அவை அவசியமானால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

தெருவுக்கு ஒருவர் கற்றுக்கொண்டால் பத்து வீட்டுக்குச் சொல்லித் தரலாம். சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்தே துவங்குவோம். உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய பொருள் எப்போது சாக வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்போம்!