லியோனில் ராத்திரி மணி பத்தரை!

அக்கா மகன் மேல்படிப்புக்கு பிரான்ஸ் போகிறான் என்றதும் மணலூர்பேட்டை டீக்கடையில் எனக்குக் கிடைத்த முதல் வாழ்த்து: ''அங்கல்லாம் ராத்திரி பூரா கூத்துதானாமே சார்?''

கூத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் கவலைப்படுவதுதான் வேடிக்கை. பாரதம் வைத்தால் விடிய விடிய முழித்து, துரியோதனன் படுகளம் முடிந்த பிறகே வீட்டு ஞாபகம் வருகிற ஜனங்கள் நாங்கள். ஆனால், பிரான்ஸ் என்றால் மட்டும் கண் முன்னால் காபரே வந்து நிற்கிறது. எனக்கும் வந்தது!

பையன் போனது பாரிஸ் இல்லை, லியோன். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர். ''ஆத்தங்கரைப் புள்ள ஆத்தங்கரைக்குத்தான் போறான்'' என்று அக்காவைத் தேற்றி வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது... அந்த ரோன் ஆற்றங்கரையில் படகுகளைக் கட்டிப் போட்டு, உள்ளே பார் நடத்துகிறார்கள்! தை 5-ம் தேதி அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிற ஆறு எங்கள் தென்பெண்ணை. ஆற்றுக்கு இப்படி ஓர் உபயோகம் உண்டென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்த கையோடு போன் போட்டேன். அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. பின்னணியில் ஒரே சிரிப்பு, கிளாஸ் சத்தம்.

''எங்கடா இருக்கே?''

''ஆத்தங்கரையில மாமா.''

''இந்நேரத்துல என்ன விசேஷம்?''

''வியாழக்கிழமை மாமா!''

என்னமோ பிரதோஷம் மாதிரி சொல்கிறான்! விசாரித்தால், பிரான்ஸ் மாணவர்களுக்குக் கொண்டாட்ட ராத்திரி வியாழன்தானாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாதிப் பேர் அழுக்குத் துணி மூட்டையோடு ரயிலேறி அம்மாவிடம் போய்விடுவார்கள். (இந்த அழுக்கு மூட்டை விஷயத்தில் உலகம் பூரா ஹாஸ்டல் ஒன்றுதான்.) மெட்ரோ ரயில் வெள்ளி, சனிதான் ராத்திரி ரெண்டு மணி வரை. வியாழனன்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் மேலே கடைசி வண்டி. விட்டால் நடராஜா சர்வீஸ்!

அரை மணி நேரம் அட்வைஸ் பண்ணினேன். அக்கா அவள் பங்குக்கு அழுதாள். அடுத்த வாரமே இன்னொரு குண்டு. ''வேலை கிடைச்சிடுச்சும்மா. ப்ளோன்ழர்!'' அந்த பிரெஞ்சு வார்த்தைக்கு அகராதியில் முதல் அர்த்தம், 'முக்குளிப்பவர்'. ஆற்றில் குதிக்கிற உத்தியோகமோ என்று அக்கா பதறிவிட்டாள். ஓட்டலில் தட்டு கழுவுகிறவருக்கும் அங்கே அதே பெயராம். வெளிநாட்டு மாணவர் வருஷத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்று சட்டம். வாரத்தில் மூன்று ராத்திரி தொட்டியில் முக்குளிப்பு. அது 'பூஷோன்' என்கிற பழைய பாணி லியோன் சாப்பாட்டுக் கடை. குடல், நாக்கு, ஈரல் எல்லாம் அங்கே பிரசித்தம். ''நம்ம போட்டிக் கறிதான் மாமா. காரம் மட்டும் கெடையாது'' என்றான்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள். விடாத மழை. எங்கள் தெருவில் கரன்ட் இல்லை. வீட்டில் உயிரோடு இருந்தது என் பழைய பட்டன் போன் மட்டும். ராத்திரி மூன்று மணிக்கு அது அடித்தது.

''மாமா, எழுந்திருங்க! சாத்தனூர் டேம்ல தண்ணி ஏகத்துக்கும் தொறந்துட்டாங்க. அம்மா போன் எடுக்கல...''

அக்கா வீடு ஆற்றுப் பக்கம், பள்ளத்தில். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் தட்டி எழுப்பி, ரேஷன் கார்டு, பத்திரம், பையனின் சர்டிபிகேட் ஃபைல், ரெண்டு ஆடு சகிதம் மேட்டுத்தெரு மாடிக்குக் கூட்டி வந்தேன். விடிந்து பார்த்தால் அவள் அடுப்பங்கரையில் முழங்கால் தண்ணீர். சாத்தனூரில் விட்டது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி!

நமக்கு மூன்று மணி. லியோனில் ராத்திரி பத்தரை. ஞாயிறு என்பதால் பாதி ஊர் ஷட்டர் போட்டிருக்க, பையனுக்கும் லீவு. அந்த வியாழக்கிழமைக் கோஷ்டியோடு ஒருத்தன் ரூமில் உட்கார்ந்திருக்கிறான். நம்ம டி.வி. செய்தியை லேப்டாப்பில் பார்த்திருக்கிறான். அப்புறம் யாரும் படுக்கவில்லையாம். தமிழில் ஒரு எழுத்து தெரியாத ரெண்டு பிரெஞ்சுப் பையன்கள் திரையில் ஓடுகிற நம்பரை மட்டும் படித்துப் படித்து இவனுக்குச் சொல்ல, இவன் அரை மணிக்கு ஒரு தரம் எனக்கு போன். அங்கே விடியற்காலை நாலு மணி வரை!

அந்த வாரம் பூரா அக்கா வீட்டில் சேறு வாரினோம். டிசம்பர் 8-ம் தேதி ராத்திரி வீடியோவில் வந்தான். லியோன் வீட்டு ஜன்னல்களில் வரிசையாகச் சின்னச் சின்ன கண்ணாடிக் குவளை, உள்ளே மெழுகுவர்த்தி. 1852-ல் அங்கே குன்றின் மேல் மாதா சிலை திறந்த நாளிலிருந்து வருஷா வருஷம் ஏற்றுகிறார்களாம்.

''நம்ம கார்த்திகை மாதிரியே இல்ல?'' என்றான்.

அக்கா சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். ''கிளாசுக்குள்ள வெச்சா காத்துக்கு அணையாது. நல்ல ஐடியாதான். பின்னால நிக்கறதெல்லாம் யாருடா? அன்னிக்கி முழிச்சிருந்த புள்ளைங்களா?''

''ஆமாம்மா.''

''சாப்ட்டாங்களா கேளு.''

''சாப்ட்டாச்சும்மா. இப்ப விளக்கு பாக்கக் கிளம்பறோம்.''

''இன்னிக்கி ஞாயித்துக்கெழம. காலைல காலேஜ் இருக்கில்ல, சீக்கிரம் வந்து படு. வியாழக்கெழம வேணா சுத்திக்க!''